அவிக்கிற மாவும் வீசுகிற மாவும்

திருகோணமலை வீடுகளில் கோதுமை மா வந்திறங்கியதும் யாரும் அதைப் பிசையத் தொடங்குவதில்லை. வெள்ளைத் துணியில் கொட்டி, முடிந்து, நீராவியில் முதலில் அவிக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கும்போது மா கட்டிப்பட்டு இறுகியிருக்கும். சூடு ஆறுமுன் அதை உடைத்து, அரிதட்டில் அரித்து, பேணியில் போட்டு மூடிவிட்டால் சில நாட்களுக்குப் புட்டைப் பற்றியும் இடியப்பத்தைப் பற்றியும் கவலையில்லை. வறுத்த சிவப்பரிசி மாவோடு பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு. அவித்த மா மட்டும் போதும் என்பவர்களும் உண்டு.

அதே மா அதே நாளில் கடைத்தெருவில் வேறொரு வாழ்வு வாழ்கிறது. உப்பும் தண்ணீரும் எண்ணெயும் விட்டு அடித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப்போடுகிறார்கள். மாலையானதும் ரொட்டி போடுபவர் ஒவ்வோர் உருண்டையையும் மேசையில் தட்டி, விரல்நுனியால் தூக்கி வீசுகிறார். அது அந்தப் பக்கம் தெரியுமளவுக்கு மெல்லிசாக விரிகிறது. கிழியாமல் விரிவதுதான் கைத்திறன்.

கோதுமையிலுள்ள புரதம் தண்ணீர் பட்டால் வலைபோலப் பின்னிக்கொள்ளும். பிசையப் பிசைய அந்த வலை இழுபடும். தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே ஆவியில் வேகவைத்தால் புரதம் கெட்டிப்பட்டு, அந்த இழுவை போய்விடும். மா அரிசிமாவைப்போல உதிரியாகும். உதிர்ந்தால்தான் புட்டு, ஒட்டினால் களி. ரொட்டிக் கடைக்காரர் நம்பிப் பிழைக்கிற இழுவையை வீட்டுக்காரி துணிமுடிச்சுக்குள்ளேயே முடித்துவிடுகிறார். வீட்டுச் சாப்பாடும் கடைச் சாப்பாடும் எங்கே பிரிகின்றன என்று இந்த ஊரில் கேட்டால், அந்தத் துணிமுடிச்சைத்தான் காட்ட வேண்டும்.

இத்தனைக்கும் கோதுமை இலங்கையில் விளைகிற தானியமல்ல. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும். கோதுமை கப்பலில்தான் வரவேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்கா தன் உபரித் தானியத்தை 1954ஆம் ஆண்டின் பி.எல். 480 சட்டத்தின்கீழ் பல நாடுகளுக்கு அனுப்பியது. இலங்கையும் அந்த மாவை வாங்கிச் சாப்பிட்ட நாடுகளில் ஒன்று. கான்சாஸ், வடக்கு டகோட்டாச் சமவெளிகளில் உழவர்கள் விளைவிப்பதும், நீத்துப்பெட்டியில் ஒரு கிழக்கிலங்கைத் தாய் அவிப்பதும் ஒரே தானியம் என்ற உறவு அப்படி வலுத்தது. பிறகு சிங்கப்பூரைச் சேர்ந்த பிரிமா நிறுவனம் திருகோணமலையின் சீனன்குடாவில் மாவாலை கட்டியது. 1980இல் அது அரைக்கத் தொடங்கியது. உட்துறைமுக வீதியில் காற்று வாங்க நடப்பவர்களுக்கு, குடாவுக்கு அப்பால் அந்த ஆலையின் உயர்ந்த களஞ்சியங்கள் தெரியும். தானியக் கப்பல் ஆலையின் வாசலுக்கே வருகிறது. நாட்டின் பேக்கரிகளுக்கு மாவனுப்பும் துறைமுகம் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை அவித்துக் கொடுக்கிறது.

இந்தத் தீவின் சாப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் ஒருவர் இந்தக் கரைக்கு விருந்தாளியாக வரவில்லை, கைதியாக அகப்பட்டார். ரொபட் நொக்ஸ் வந்த கப்பல் புயலில் பாய்மரம் இழந்து, பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் மூதூர்ப் பக்கத்தில் அவரைக் கண்டியரசனின் ஆட்கள் பிடித்தார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் இருந்து தப்பிப்போய், 1681இல் புத்தகம் வெளியிட்டார். சோறுதான் வயிற்றை நிரப்புவது, மற்றதெல்லாம் அதற்குச் சுவைகூட்ட வந்தவை என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. அவர் எழுதியது கண்டி நாட்டைப் பற்றி. ஆனால் திருகோணமலையின் மத்தியானப் பீங்கானுக்கும் அது பொருந்துகிறது.

அந்தப் பீங்கானில் சோற்றுக்குப் பக்கத்தில் எது வரும் என்பதைக் கடல் தீர்மானிக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை கிழக்குக் கடல் அமைதி. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள்கூடத் தங்கள் கரையின் கொந்தளிப்பை விட்டு இங்கே வந்து வாடி போடுவார்கள். அறுக்குளாவும் பாறையும் சூரையும் மலிவாகும் காலம் அது. சூரைக்குப் பழப்புளி, சுறாவுக்கு வறை, சின்ன மீனுக்குச் சொதி என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு. சொதியில் இரண்டாம் பாலைக் கொதிக்கவிட்டு, முதற்பாலை இறக்கும் நேரத்தில் விட்டு, தேசிக்காய்ப்புளியை அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். முந்திவிட்டால் பால் திரளும். அதைத் தவறவிட்ட மருமகளை மாமியார் ஒரு மாதம் நினைவில் வைத்திருப்பார்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும். வள்ளங்கள் கரையேறும். அப்போது கருவாட்டுப் பானையும் முருங்கையிலையும் பருப்பும் குடும்பத்தைத் தாங்கும்.

சமைக்கும் இடத்துக்குக்கூட இங்கே கடல்வழி வந்த பெயர்தான். குசினி என்பது போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. பாண், விசுக்கோத்து, கோப்பை, மேசை, கதிரை, கறிக்கு வெட்டுகிற கோவா எல்லாம் அப்படியே. கோணேசர் கோயிலை 1620களில் இடித்துக் கோட்டை கட்டியவர்களின் சொற்கள், கோயிலைக் கும்பிடுகிற வீட்டுச் சமையற்கட்டில் குந்தியிருக்கின்றன. சம்பல் மலாய் நாட்டுச் சரக்கு. அம்மியில் செத்தல் மிளகாயும் உப்பும் வைத்து அரைத்துத் தேங்காய்ப்பூவோடு சேர்ப்பவருக்கு அது தன் பாட்டியின் சொத்து.

கள்ளுக்கடையைக் குறிக்கும் தவறணையும் போர்த்துக்கீசக் கப்பலில் வந்த சொல். கள்ளு மட்டும் உள்ளூர். பாளையைச் சீவி முட்டி கட்டினால், இறங்கும் சாறு காற்றிலுள்ள நொதியால் தானே புளிக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. அது கருப்பநீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். ஒரே மரம், ஒரே சாறு, தடவிய சுண்ணாம்பு மட்டுமே வேறுபாடு. முன்பு பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்தார்கள். இன்று பிளாஸ்டிக் கோப்பை.

நகரத்துக்குள் வந்தால் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பலகை மாட்டிய கடைகள் இருக்கும். உள்ளே பெரும்பாலும் சாராயமும் பியருமே விற்பனை. திராட்சை ரசம் கேட்டு வருபவர் அரிது. மெய்யாகவே வைன் வேண்டுமென்றால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளுக்குப் போக வேண்டும். அங்கே வெளிநாட்டார் சுட்ட இறாலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துச் சூரியன் மறைந்த பிறகும் கடலைப் பார்த்திருப்பார்கள். உள்ளூரில் குடி சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. பொரித்த மீனோ ‘டெவல்’ போட்ட கணவாயோ ‘பைட்ஸ்’ ஆகக் கூட வரும், சோறு வராது. சோறு வீட்டில், மூடியபடி காத்திருக்கும். முஸ்லிம் வீடுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சட்டமும் இதில் கைவைத்திருக்கிறது. பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறவைத்தார். போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் நாடெங்கும் மதுக்கடைகள் பூட்டு. முதல்நாள் மாலை அந்தப் பலகைகளுக்குக் கீழே வரிசை நீள்வதைப் பார்த்தாலே, நாட்காட்டி பார்க்காமல் நாளைக்குப் போயா என்று சொல்லிவிடலாம்.

கொத்துரொட்டிக்குப் பூட்டு இல்லை. வீசிச் சுட்ட ரொட்டியைத் துண்டாக்கி, சூடான இரும்புத்தட்டில் முட்டை, வெங்காயம், மரக்கறி, கறிக்குழம்போடு போட்டு, இரண்டு தகடுகளால் தாளம் போட்டுக் கொத்துகிறார்கள். அது பிறந்த இடம் தங்கள் மாகாணமே என்பது கிழக்கு மக்களின் பழைய உரிமைப்பேச்சு. ஓசை கேட்டே கடையை அறிந்து வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே இருந்து சாப்பிடுவதில்லை, பார்சல். கட்டி வந்த கொத்தை வீட்டில் பிரித்ததும் குசினிக்குள்ளிருந்து மத்தியான மீன்குழம்பு சட்டியோடு வந்துவிடும். கடையில் கொடுத்த குழம்புப் பை அவிழ்க்கப்படாமலே மேசையில் கிடக்கும்.

2022இல் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டது. அந்நியச் செலாவணி இல்லை, எரிவாயு இல்லை. சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். உக்ரேன் போர் கோதுமை விலையை ஏற்றியது. மே மாதத்தில் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. பேக்கரிகள் போறணையை அணைத்தன; ரொட்டித் தட்டுகள் பல மாலைகள் ஓசையின்றிக் கிடந்தன. வீடுகளில் வளவுக்குள் மூன்று கல் வைத்து, தென்னோலையும் பொச்சும் எரித்தார்கள். சிவப்பரிசி மாவோடு பாதிக்குப் பாதி கலந்தவர்கள் கோதுமையைக் கால்வாசியாகக் குறைத்தார்கள், பிறகு விட்டேவிட்டார்கள். புட்டு அப்போதும் அவிந்தது. நிறம் மட்டும் கடுஞ்சிவப்பு.

இப்போது காலை ஆறரைக்கு ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டி வருகிறது. பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பணிசும். ஒலிபெருக்கியில் பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’; இயற்றியவர் யாரென்று யாரும் கேட்பதில்லை, அது பாண்காரனின் பாட்டு. குசினியில் அரிதட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் அம்மா, கையிலுள்ள மாவை உதறாமலே மகனை அனுப்புகிறார்: “ஓடிப்போய் ஒரு இறாத்தல் வாங்கிக்கொண்டு வா, அப்பாவுக்குப் புட்டு போதாது.”