மூடியில்லாத தேக்சா

நம் வீட்டுப் பரணில் பழைய சமையற் பாத்திரங்கள் 17 இருக்கின்றன. மூடிகளோ 11. அவற்றுள் தத்தம் பாத்திரத்தோடு இசைந்து அமர்பவை நான்கே. எஞ்சிய ஏழும் என்றேனும் ஒருநாள் ஏதேனும் ஒரு பாத்திரத்திற்குப் பொருந்திவிடும் என்று நம்பி வாங்கப்பட்டவை. இந்த நம்பிக்கையில் நம் இல்லத்தரசிக்குப் பங்கில்லை.

இப்பித்து நம்மைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் மறைந்த நம் உம்மாவின் செம்புத் தேக்சா. மூன்று படி அரிசி வேகும் பாத்திரம் அது. உம்மாவின் திருமணச் சீரோடு வந்தது. அதன் கழுத்தில் உம்மாவின் பெயரெழுத்துகளும் 1951 என்ற ஆண்டும் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். உம்மாவின் பொருள்களைப் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டபோது தேக்சா நமக்கு வந்தது, மூடி வரவில்லை.

ஒரு மூடிக்கு இத்தனை ஆரவாரமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சோறு வடிக்கும் பானையாயின் தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் போதும். தம் போடும் பாத்திரத்தின் நிலை வேறு. முக்கால் பதம் வெந்த அரிசியை இறைச்சியின்மேல் பரப்பி, அடியிலுள்ள தீயைத் தணித்து, மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றிலும் பிசைந்த மாவால் அடைத்து, மேலே தணலைக் கொட்டுவார்கள். அதன்பின் வேலை செய்வது நெருப்பன்று. உள்ளே அடைபட்ட ஆவியே. ஆவி கசிந்தால் மேற்சோறு காய்ந்துபோகும், அடிச்சோறு கருகும். தணல் சரியாமல் இருக்கும்பொருட்டே பழைய மூடிகளின் விளிம்பு மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்கும். அலுமினியத் தட்டும் அதன்மேல் அம்மிக் குழவியுமாக நாம் நடத்திய தம்மைப் பற்றி இங்கு எழுதாமல் விடுவதே நல்லது.

அமெரிக்காவில் ஈரி நகரத்துக் கிரிஸ்வோல்ட் வார்ப்பிரும்புப் பாத்திரங்களைச் சேகரிப்போர் நம்மினும் கொடுத்துவைத்தவர்கள். அந்தத் தொழிற்சாலை 1957இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பாத்திரத்திலும் மூடியிலும் அளவெண்ணை வார்த்தே வைத்திருந்தார்கள். எட்டாம் எண் பாத்திரம் வைத்திருப்பவர் எட்டாம் எண் மூடியைத் தேடினால் தீர்ந்தது. நம் கன்னார்களோ பாத்திரத்தைத் தட்டி முடித்து, அதன் வாயைப் பார்த்து மூடியைத் தட்டினார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்கு ஆகாது. போதாக்குறைக்கு, ஆண்டுக்கணக்காக உருட்டியும் சாய்த்தும் வைத்ததில் வாய் வட்டமும் கோணிப்போகும். உம்மாவின் தேக்சா ஒரு திசையில் 16 அங்குலம். குறுக்கே அளந்தால் இரண்டு நூல் குறையும். ஆகவே செய்தித்தாளில் அதன் வாயை வரைந்து வெட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பயணம் போவது நம் வழக்கமாயிற்று.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் அந்தத் தாளை எத்தனை முறை விரித்திருப்போம்! கடைக்காரர்கள் முதலில் காட்டுவது ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்த கோக்கம்ஸ் எனாமல் பாத்திரங்களை. பளபளப்பும் வண்ணமும் கண்ணைப் பறிக்கும். நாம் அவற்றைக் கடந்து, பின்கட்டில் குவிந்துகிடக்கும் செம்பு, பித்தளை மூடிகளுக்குள் கையை விடுவோம். ஒவ்வொன்றையும் திருப்பி எழுத்துகளைப் பார்ப்போம். எங்கோ வாழ்ந்த பெண்களின் பெயர்கள், அவர்தம் ஊர்களின் முதலெழுத்துகள், ஆண்டுகள். உம்மாவின் எழுத்துகள் மட்டும் அகப்படவில்லை.

மூடிகள் இவ்வாறு தனித்துக் கிடப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. எவர்சில்வர் நம் அடுக்களைகளுக்குள் நுழைந்த காலத்தில், தெருவில் கூவி வரும் பாத்திரக்காரர்கள் பழைய செம்பையும் பித்தளையையும் எடைபோட்டு வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் தந்தார்கள். பெரிய பாத்திரத்தைக் கொடுக்க மனம் வராது. கந்தூரிக்கும் கலியாணத்திற்கும் வேண்டுமே. முதலில் போனது மூடிதான்.

சென்ற ஆண்டு ஒரு மூடி கிடைத்தது. தாளின்மேல் வைத்தபோது ஒரு நூல்தான் கூடுதல். தேக்சாவையும் அதையும் ஈயம் பூசக் கொண்டுபோனோம். மணலும் புளியும் இட்டுத் தேய்த்து, துருத்தி ஊதிய கரிநெருப்பில் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை எழுந்தது. வெள்ளீயக் கம்பி பட்ட இடத்தில் உருக, அதைப் பஞ்சால் ஓட்டி ஓட்டி உட்புறம் முழுவதையும் வெள்ளியாக்கினார். வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகும். வெறும் தேக்சாவை அடுப்பில் விடலாகாது. ஈயம் போனால் தயிரும் எலுமிச்சையும் செம்போடு சேர்ந்து களிம்பு கட்டும். மூடியைச் சற்றுத் தட்டிச் சுருக்கலாமா என்று கேட்டோம். “வேணாம் பாய், பழைய செம்பு. கீறல் விட்ரும்” என்றார்.

அதைச் சுமந்துகொண்டு லாத்தா வீட்டுக்குப் போனதுதான் வினையாயிற்று. நாம் சென்னைக்குப் படிக்கப்போன 1978ஆம் ஆண்டில், பக்கத்து வீட்டு மாமி கந்தூரிக்கு இந்தத் தேக்சாவை இரவல் வாங்கினார். திரும்பிவந்த பிறகு மூடி கண்ணில் படவில்லை. அவர் மகனைத் தெருவில் நிறுத்தி, பிறர் கேட்க, ‘மூடியைத் தின்றவர்கள்’ என்று சொன்னோம். அவனோடு இருந்த நட்பு அத்துடன் அற்றது. “அவுங்களைக் குறை சொல்லாதே” என்று உம்மா பலமுறை கூறியதை உம்மாவின் பெருந்தன்மை என்றே எண்ணியிருந்தோம்.

லாத்தா புதுமூடியைப் பார்த்தார். நம்மையும் பார்த்தார்.

“தம்பி, காலேசுக்கு நீ தூக்கிட்டுப் போன எவர்சில்வர் அடுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சே? அந்த மூடியும் ஒரு பித்தளைக் கொடமும் போட்டு வாங்குனது. உங்கிட்டே சொல்லக்கூடாதுன்னு உம்மா எங்கிட்டே வாக்கு வாங்கிருச்சு.”

அந்த அடுக்கும் நம் 17இல் ஒன்று. அதன் மேல்மூடியை விடுதியில் முதலாண்டிலேயே தொலைத்துவிட்டோம்.

மாமி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். இதைச் சொல்வதற்காக இரண்டு முறை அவர் வாசலுக்குப் போனோம். இரண்டு முறையும் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். இரண்டு முறையும் மீன் விலையைப் பேசிவிட்டு எழுந்துவந்தோம்.