அடுப்பங்கரைப் பேச்சு

ஐப்பசி முடியும் நாள்களில் கொல்லிமலையில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏறிவரும் பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டுதான் செம்மேட்டுக்குள் நுழையும். அடிவாரத்துக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வார இறுதியில் ஊர் திரும்பும் எனக்கு, வீட்டுக்கு நடக்கும் முன் ஒதுங்குவதற்கு ஒரு தேநீர்க்கடை உண்டு. 2025 நவம்பர் 15 சனிக்கிழமையன்று அந்தக் கடையின் அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. கூடவே சாம் கரணும் போகிறார். பதிலுக்கு சஞ்சு சாம்சன் வருகிறார். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைகிறது.

“ஆட்டை மாத்திக்கிற மாதிரி மாத்திப்புட்டாங்களே” என்றார் ஒரு முதியவர்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்கள் நவம்பர்த் தொடக்கத்தில் முடிந்ததும், யார் எந்த அணிக்குப் போவார், எவ்வளவு வாங்குவார் என்ற பேச்சு குளிர்காலம் முழுதும் நடக்கும். ‘சூடான அடுப்பு’ என்றே அதற்குப் பெயர். பனிக்காலத்தில் கடைகளின் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேசியவர்கள் விட்டுச்சென்ற பெயர் அது. எங்கள் செம்மேட்டுக்கும் அப்பெயர் பொருந்தும் என்று அன்று தோன்றியது. ஆட்டம் நடக்கும் மாதங்களில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆட்டமில்லாத மாதங்களிலோ மனிதர்களின் விலையைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டாவது பேச்சில்தான் சூடு அதிகம்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது. ஆசிரியனுக்குக் கருத்து இல்லாமல் போகுமா? 2023 இறுதி ஆட்டத்தில், அகமதாபாத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் வேண்டியிருந்தபோது ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை அனுப்பியது நன்றிகொன்ற செயல் என்றேன். அங்கிருந்தவர்கள் தலையசைத்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விஷயம் அத்தனை எளிதன்று என்று பட்டது. வீரரின் இசைவில்லாமல் இத்தகைய பரிமாற்றம் நடக்கக் கூடாது என்பது விதி. மேலும் ஜடேஜா 2008இல் விளையாடத் தொடங்கியதே ராஜஸ்தானில்தான். 2010ஆம் ஆண்டு, விதிகளை மீறி வேறோர் அணியுடன் ஒப்பந்தம் பேச முயன்றார் என்று அவரை அந்தப் பருவம் முழுதும் தடை செய்தார்கள். அன்று தானே தன் விலையைப் பேசப் போனது குற்றம். பதினைந்து ஆண்டுகள் கழித்து இரண்டு நிர்வாகங்கள் அவர் விலையைப் பேசியபோது அது வணிகம்.

கர்ட் ஃப்ளட் என்றொரு பேஸ்பால் வீரர் இருந்தார். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேளாமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருளல்ல என்று ஆட்டத்தின் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972இல் தோற்றார். 1975இல் வேறு இருவர் தொடுத்த வழக்கில்தான் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் தாம் விரும்பும் அணிக்குப் போகும் உரிமையைப் பெற்றார்கள். ஃப்ளட்டுக்கு அதற்குள் ஆட்டமே முடிந்துபோயிருந்தது. ஜடேஜா மஞ்சள் உடையில் ஆடியவையும், எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டு பருவங்கள்.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் புறநானூறு நினைவுக்கு வராமல் இராது. அதியமான் நெடுமான் அஞ்சி, தன்னை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, தான் வாணிகன் அல்லன் என்று மறுத்த பெருஞ்சித்திரனார் அதில் உண்டு. நான் வகுப்பில் குரலை உயர்த்தி நடத்தும் பாட்டு அது. ஆனால் மூவேந்தரில் யார் அழைத்தாலும் அவர்பக்கம் நின்று போரிட்டு, அதற்கு ஈடாகப் பொருள் பெற்ற மலையமான் திருமுடிக்காரியும் அதே நூலில் உண்டு. அவனைக் கபிலர் இகழவில்லை, புகழ்கிறார். அந்தக் காரிதான் எங்கள் வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடிமாதம் அரசு விழாவும் எடுக்கிறது. நாங்கள் காரியைப் பற்றிப் பேசுவதில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் அன்று கடையில் தலையசைக்காத ஒருவன். என் பழைய மாணவன். 2017இல் இளங்கலை இரண்டாமாண்டு படித்தான். அவ்வாண்டு பிப்ரவரி ஏலத்தில் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனை, 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. நெசவும் கூலி வேலையும் கோழிக்கறிக் கடையுமாக வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை. அதற்குப்பின் எங்கள் பக்கத்தில் இடக்கையால் பந்து வீசத் தெரிந்த ஒவ்வொரு பையனுக்கும் தூக்கம் போயிற்று. இவனும் இடக்கையன். டென்னிஸ் பந்தில், மேடுபள்ளமான மலைத்திடலில், மட்டையின் அடியில் போய் விழுமாறு வீசுவான். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தேர்வு முகாமுக்குப் போகவேண்டும் என்று விடுப்புக் கேட்டான். அன்று அகமதிப்பீட்டுத் தேர்வு. வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்; என் கையில் இருந்த அதிகாரம்தான். நான் தரவில்லை. “படிப்பு சோறு போடும், பந்து போடாது” என்று சொன்னதாக நினைவு. அவன் வந்து தேர்வு எழுதினான், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். போயிருந்தால் தேர்வாகியிருப்பான் என்று நான் நம்பவில்லை. ஆயிரத்தில் ஒருவனுக்கே அது வாய்க்கும். ஆனாலும் அந்த ஆயிரத்தில் நிற்கும் இடத்தையாவது அவனிடமிருந்து நான் எடுத்திருக்க வேண்டாம். பட்டம் அவனுக்கு வேலை தரவில்லை. இப்போது வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வண்டி ஓட்டுகிறான்.

அன்று என் நன்றிகொன்ற கதையைக் கேட்டுவிட்டு, தம்ளரை வைத்துக்கொண்டே சொன்னான்: “கேக்க ஆளு இருக்கறவனத்தானுங்க ஐயா விக்கறாங்க.” குரலில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கும் சேர்த்துத் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பனிக்குள் போனான்.

டிசம்பர் 16 அன்று அபுதாபியில் ஏலம் நடந்தது. சென்னை அணி, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர் என்ற இருபது வயது இடக்கைச் சுழற்பந்துவீச்சாளரை, 30 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 14.20 கோடிக்கு எடுத்தது. ஜடேஜாவின் புதிய விலையைவிட இருபது லட்சம் கூடுதல். அன்றிரவு அவன் என்னைக் கைப்பேசியில் அழைத்தான். வண்டியை ஏதோ ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தியிருந்தான் போலும், காற்றின் இரைச்சல் கேட்டது.

“பாத்தீங்களாங்க ஐயா, இடக்கைப் பையன்” என்றான். நெடுநேரம் பேசினோம். பையனின் பந்துவீச்சைப் பற்றி மட்டும்தான்.