கூண்டுப் பறவை கூப்பிடும்போது



'பார்வை' என்ற சொல்லுக்குக் கண்ணால் காண்பது என்பதைத் தவிர இன்னொரு பொருளும் தமிழில் உண்டு. காட்டில் திரியும் விலங்கையோ பறவையையோ பிடிப்பதற்காக, அதே இனத்தில் ஒன்றைப் பழக்கி வைத்திருப்பார்கள். அதற்கும் பார்வை என்றுதான் பெயர். மானைப் பிடிக்கப் பார்வை மான்; கவுதாரியைப் பிடிக்கப் பார்வைக் கவுதாரி. இந்தச் சொல்லை எனக்கு நினைவூட்டியது கனடாவிலிருந்து வந்த ஒரு படம்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சனிக்கிழமைகளில் தையல் வகுப்பு நடத்துகிறோம். வருபவர்களில் அநேகர் யுத்தத்தால் வன்னியையும் மன்னாரையும் விட்டு வந்து, கொழும்பில் வாடகை அறைகளில் வாழ்பவர்கள். அவர்களில் ஓர் அக்காவின் தம்பி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பண்ணையொன்றில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய படத்தில் அறுவடை முடிந்த கோதுமை வயல் நிறைய வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. "இவ்வளவும் பொய் வாத்து" என்றார் அக்கா. வகுப்பில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

அங்கே இலையுதிர் காலத்தில் காட்டு வாத்துகள் வடதுருவப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. வேட்டைக்காரர்கள் பிளாஸ்டிக்கிலும் துணியிலும் செய்த வாத்துகளை வயலில் பரப்பிவிட்டு, நடுவே வைக்கோலால் தம்மை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். பரப்புவதற்கும் ஒரு முறை உண்டு. வெள்ளை நிறப் பனி வாத்துகள் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்பதால் அவற்றை அதிகமாக வைப்பார்கள். சாம்பலும் கறுப்புமான கனடா வாத்துகளை ஒரு பக்கமாகத் தனியே வைப்பார்கள். வாத்துகள் காற்றுக்கு எதிராகவே தரையிறங்கும். ஆகவே காற்று வரும் திசையைப் பார்த்து, நடுவில் வெறும் இடமொன்றை விட்டுவைப்பார்கள். மேலே பறந்து வருவதற்கு அது தனக்காகவே ஒதுக்கிய இடம் போலத் தெரியும். சிலர் பக்கத்தில் ஒரு பொய்க் கொக்கையும் நிறுத்துவதுண்டு. கொக்கு மிகவும் எச்சரிக்கையான பறவை. அதுவே பயமின்றி நிற்கிறது என்றால் இடம் நல்லதுதான் என்று மற்றவை நம்பும்.

பருவம் போகப் போகப் பரப்பும் விதம் மாறும். செப்டம்பரில் அந்த வருடம் பொரித்த குஞ்சுகள் தாய் தகப்பனோடு சிறு சிறு குடும்பங்களாக வரும். அவற்றுக்கு நாலைந்தாகச் சேர்த்து வைத்த சில பொய் வாத்துகளே போதும். சில வாரங்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு தப்பியவை விழிப்படைந்துவிடும். அசையாமல் நிற்கும் கூட்டத்தை மேலே இருந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்காமலே போய்விடும். வேட்டைக்காரர் எண்ணிக்கையைக் கூட்டுவார், காற்றில் ஆடும் துணி வாத்துகளைச் சேர்ப்பார், இடத்தை மாற்றுவார். முன்பெல்லாம் உயிருள்ள வாத்துகளையே காலில் கட்டி வைத்தார்கள். அவை கூப்பிட, மேலே போனவை இறங்கின. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு அதனைத் தடை செய்தார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் தன் அப்பு கூட்டில் வளர்த்த கவுதாரியைப் பற்றிச் சொன்னார். கூட்டைப் பற்றைக்குள் வைத்துவிட்டால் உள்ளே இருக்கும் சேவல் கூவும். தன் காணிக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் கோபத்தோடு ஓடிவந்து கண்ணியில் கால் வைக்கும். "கூட்டுக்குள்ள இருக்கிறதுக்குத் தன்ர இனத்தைக் காட்டிக் குடுக்கிறமே எண்டு இருக்காதோ?" என்று ஓர் இளம்பெண் கேட்டாள். அம்மா சொன்ன பதிலை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: "அதுக்கென்ன தெரியும் பிள்ளை? அடைச்சு வைச்சா அது கத்தும். கண்ணி வைச்சது அப்பு."

இப்போது சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சகோதரி இருக்கிறார். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். கணவரை 2009இல் இழந்தவர். வீட்டு வேலைக்கென்று சுற்றுலா விசாவில் வளைகுடா நாடொன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாஸ்போட்டைப் பறித்துக்கொண்டு பல பெண்களோடு ஓர் அறையில் வைத்திருந்தார்கள். "ஊரில் தெரிந்த இரண்டு பேரை வரச் சொல்லு, உன்னை அனுப்பிவிடுகிறோம்" என்று அங்கிருந்த ஆள் போனைக் கையில் கொடுத்தார். அவர் பக்கத்திலேயே நிற்க, "நல்ல இடம், வாங்கோ" என்று இவரும் சொன்னார். இருவர் போனார்கள். பின்னர் எல்லோரும் ஒருவாறு திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் அயலில் எவரும் இவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அனுப்பிய தரகரோ வேறு ஒழுங்கையில் வேறு பெண்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்களின் செய்தி 2022 நவம்பரில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. சமூகவியல் படித்த காலத்தில் ஒன்று கற்றேன்: இடம்பெயர்ந்தவர்கள் அலுவலகங்களை விடத் தமக்குத் தெரிந்த ஆட்களையே நம்பி நகர்வார்கள். நாமும் யுத்தத்தில் அப்படித்தான் உயிர் தப்பினோம். முன்னால் போன சனத்தைப் பார்த்து நடந்தோம். அந்த நம்பிக்கையில்தான் தரகர் தன் பொய் வாத்துகளைப் பரப்புகிறார்.

ஆகவே போன் வரும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். கதைப்பவர் தனியே இருக்கிறாரா, பக்கத்தில் ஆள் இருக்கிறாரா? வேறு நேரத்தில் எடுத்தால் அவரே பதில் சொல்கிறாரா? பாஸ்போட் அவர் கையில் இருக்கிறதா? சம்பளம் வீட்டுக்கு வந்ததா என்று அவருடைய தாயிடம் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

புறநானூற்றின் 320ஆவது பாட்டில் ஒரு வேடனின் மனைவி வருகிறாள். கணவன் தூங்குகிறான். வீட்டுப் பார்வை மானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. அவன் எழுந்துவிடுவானோ, அது பிரிந்துவிடுமோ என்று அஞ்சி அவள் சத்தமே போடாமல் இருக்கிறாள். காய வைத்த தினையைக் கோழிகள் தின்னும்போது கூட அவள் அசையவில்லை. வேடன் வீட்டில் இருந்தவளுக்கே பார்வை மான் ஓர் உயிராகத் தெரிந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனைச் சகோதரியை எங்கள் வகுப்புக்கு அழைத்தபோது இருவர் முகம் சுளித்தார்கள். மன்னார் அம்மாதான் கதிரையை இழுத்துப் போட்டு, "இரு பிள்ளை" என்றார். இரண்டாவது மாதம் அந்தச் சகோதரி தானாகவே வாய் திறந்தார். விமான நிலையத்தில் என்ன சொல்லச் சொன்னார்கள், எந்தத் தாளை ஒளிக்கச் சொன்னார்கள், போனில் கதைக்கும்போது எந்த வார்த்தையைச் சொல்ல விடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று வகுப்பில் வளைகுடா போவதற்குப் படம் எடுத்து வைத்திருந்த மூவர் இருந்தார்கள். ஒருவர் பணியகத்துக்குப் போய் விசாரித்தார். அவருக்குச் சொல்லப்பட்ட ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை.

கனடா வயலில் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போவது முந்திய பருவங்களில் சூடு பட்டுத் தப்பிய கிழ வாத்துதான். உங்கள் ஒழுங்கையிலும் அப்படித் திரும்பி வந்த ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள்.