பட்டம் பெற்ற பின் வரும் வாரங்கள்

பத்திரிகை அலுவலகத்தில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஒருவகை விளம்பரம் நன்கு பழக்கமானது. பட்டமளிப்பு விழாக் காலத்தில் உள்பக்கங்களில் கட்டம் கட்டி வருவது அது. நடுவில் பட்டமளிப்பு உடையுடன் ஒரு படம். கீழே பெயர், பட்டம், படித்த பாடசாலை. அதற்கும் கீழே ‘அன்பு அப்பா, அம்மா, அம்மம்மா, லண்டன் மாமா, கனடாச் சித்தி’ என்று வாழ்த்துவோர் வரிசை நீளும். மரண அறிவித்தலுக்கு அடுத்தபடியாக எமது சமூகத்தின் குடும்பக் கதையை ஒரே பார்வையில் சொல்லிவிடுவது இந்த விளம்பரந்தான். யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது தெரியும். வரிசையில் இருக்கவேண்டிய யார் இல்லை என்பதும் தெரியும்.

சென்ற ஆண்டு அத்தகைய கட்டமொன்றுக்குள் என் பெயரும் வந்தது. என் தங்கையின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் பட்டம் பெற்றாள். கிளிநொச்சி மாவட்டத்தில், தருமபுரத்தை அண்டிய ஒரு சிற்றூர் அவர்களுடையது. மைத்துனருக்கு இரண்டு ஏக்கர் வயல். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதலாவது ஆள் அவள்.

அவள் பிறந்தது 1999 இல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டிய ஆண்டு 2009. அந்த ஆண்டில் வன்னிச் சனங்கள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், கூடாரத்தின் வெக்கைக்குள், இரவல் பென்சிலால் அவள் அந்தப் பரீட்சையை எழுதினாள். அவர்கள் இருந்த பகுதிக்கு இராமநாதன் பெயரைச் சூட்டியிருந்தார்கள். முகாமின் ஏனைய பகுதிகளுக்கு அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர்கள். பதினாறு ஆண்டுகளின் பின்னர் அவள் பட்டம் பெற்ற திருநெல்வேலி வளாகம், அதே சேர் பொன். இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலம். அந்த இடத்திற்றான் 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. முட்கம்பிக்குப் பின்னால் ஒருமுறை, பட்டமளிப்பு ஊர்வலத்தில் ஒருமுறை என்று அந்தப் பெயர் அவளை இருமுறை சந்தித்திருக்கிறது. விழா நாளில் இதை அவளிடம் சொன்னேன். “முகாமில எங்களுக்கு அது ஒரு பேர் மட்டும்தான் மாமா” என்றாள்.

அவள் படித்த பீடத்துக்கும் ஓர் இடப்பெயர்வுக் கதை உண்டு. கிளிநொச்சியில் 1990 இல் தொடங்கிய விவசாய பீடம், போரினால் யாழ்ப்பாணத்துக்குப் போய், போர் முடிந்த பின்னர் அறிவியல் நகருக்குத் திரும்பி வந்தது. அவளுடைய படிப்பும் நேர்கோட்டில் போகவில்லை. 2020 இல் கொரோனா. 2022 இல் எரிபொருள் இல்லை, பேருந்து இல்லை, விரிவுரை கைத்தொலைபேசியில். சமிக்ஞை கிடைக்கும் இடத்தைத் தேடி வயல் வரம்பில் குந்தியிருந்து அவள் மண்ணியல் படித்ததை நான் கண்டிருக்கிறேன். இடையில், 2021 இல், இரசாயன உர இறக்குமதியை அரசு தடைசெய்தது. அந்த ஆண்டு கார்த்திகையில் தடை நீங்கியபோது காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. பயிருக்குத் தழைச்சத்து ஏன் வேண்டும் என்பதை மகள் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், தகப்பனின் வயல் மஞ்சளித்து நின்றது.

ஆகவே, அந்தப் பட்டம் வீட்டுக்கு வந்தபோது அதை ஒருநாளிற் கொண்டாடி முடிக்க முடியவில்லை.

முதலிற் பாடசாலை. அதிபர் மாலை போட்டார். மாணவர்கள் வாத்தியம் இசைத்து வாசலிலிருந்து அழைத்துச் சென்றார்கள். பிறகு சனசமூக நிலையம். சந்தியில் அவளது படத்துடன் ஒரு பதாகை. வெளிநாட்டு உறவுகளுக்காக எல்லாம் காணொளியாயின. வீட்டில் ஒருநாள் ஊர்ச்சனத்துக்குச் சோறு. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தங்கையின் கழுத்தைப் பார்த்தபோது தெரிந்தது. சங்கிலி அடைவுக்குப் போயிருந்தது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். தங்கைக்கு அங்கே ஒரு நேர்த்தி இருந்தது. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு எல்லாருமாகப் புறப்பட்டோம். பரந்தன் முல்லைத்தீவு வீதியிற் போகும்போது வானுக்குள் இருந்த பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம். 2009 இன் முதல் மாதங்களில், தறப்பாளும் சட்டி பானையும் சுமந்து அந்தக் குடும்பம் நகர்ந்து நகர்ந்து போன வரிசை அதுதான். நாலு மாதம் எடுத்த தூரத்தை அன்று நாம் ஒன்றரை மணித்தியாலத்திற் கடந்தோம். பாலத்தைத் தாண்டியதும் தங்கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. கோவிலில் கடல்நீரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை பொங்கலை இறக்கிவைத்துவிட்டு, “கடன் முடிஞ்சுது” என்றாள்.

அந்தச் சொல் என் மனதில் தங்கிவிட்டது. பட்டமளிப்பை ஒட்டிய கொண்டாட்டங்கள் யாவும் பட்டதாரியின் பெயரில் நடக்கின்றன. உண்மையில் அவை பெற்றவர்கள் தீர்க்கும் பழைய கடன்கள். தெய்வத்துக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பணம் அனுப்பிய அண்ணனுக்கு ஒன்று. ‘இந்தப் பிள்ளை தப்பாது’ என்று நினைத்த காலத்துக்கும் ஒன்று. இதிற் பிழையேதுமில்லை. ஆனால் பிள்ளையின் வாழ்க்கை இன்னும் தொடங்கவில்லை என்பதை அந்த ஆரவாரத்தில் எவரும் நினைப்பதில்லை.

அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது நான்கு நாட்கள் மட்டுமே. கூடப்படித்த ஐந்து பெண்களுடன் நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போய்வந்தாள். வீட்டுப் பெரியவர் எவரும் துணைக்குப் போகாத முதற் பயணம். மைத்துனருக்கு அது பிடிக்கவில்லை. “எல்லாரும் வேலைக்கும் கலியாணத்துக்குமாய்ப் பிரியப் போறம், விடுங்கோ அப்பா” என்று கேட்டுத்தான் போனாள். திரும்பி வந்தவள் முன்னரைவிட அமைதியாக இருந்தாள். அந்த ஐவரில் இருவர் வெளிநாடு செல்ல விண்ணப்பித்துவிட்டார்களாம். ஒருத்திக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகுதான் உண்மையான வாரங்கள் தொடங்கின. பதாகை மழையில் நனைந்து ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. சந்தையிலும் கோவிலிலும் கேள்வி மாறிவிட்டது. ‘எப்ப பட்டமளிப்பு?’ என்று கேட்டவர்கள் ‘இன்னும் ஒண்டும் வரேல்லையோ?’ என்று கேட்டார்கள். ‘ஒண்டு’ என்றால் அரசாங்க நியமனம். வேறெதுவும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

இந்தக் காத்திருப்பை ஒரு செய்தியாளனாக நீண்ட காலம் பார்த்திருக்கிறேன். 2017 இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கிற் பந்தலிட்டு இருந்தார்கள். கிழக்கிலும் அப்படியே. 2020 இல் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டம் வந்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. பிரதேச செயலகங்களில் இருக்கக் கதிரையில்லாமல் அவர்கள் நின்றதையும் கண்டேன். பிறகு 2022 இன் பொருளாதார நெருக்கடி. அரசு ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்தது. தேர்தல் வரும்போது திறந்து, திறைசேரி வற்றும்போது மூடும் கதவு இது. அந்தக் கதவடியில் இருபத்தைந்து வயதில் வந்து நின்று முப்பத்தைந்தாகியும் விலகாதவர்களை நான் அறிவேன். ‘பட்டதாரி’ என்ற பெயருக்கு முன்னால் ‘வேலையற்ற’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டு, அதுவே ஒரு பதவிபோல ஆகிவிடுகிறது.

கதவடியில் நிற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓய்வூதியமுள்ள உத்தியோகம் என்பது, வீடும் நகையும் மாடும் ஓரிரவில் இல்லாமற்போனதைக் கண்ட சனத்துக்கு, குண்டு விழுந்தாலும் அழியாத சொத்து. போர்க் காலத்திலும் சம்பளம் வந்துகொண்டிருந்தது அரசாங்க உத்தியோகத்தருக்குத்தான். அந்தப் பாடத்தை வன்னி மறக்காது.

மூன்றாவது மாதத்தில் மருமகள் ஒரு முடிவெடுத்தாள். பழமும் மரக்கறியும் கொள்வனவு செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலை. ஒப்பந்த அடிப்படை. பப்பாசித் தோட்டங்களுக்குப் போய் நோய் பார்த்து, மருந்தும் பசளையும் சொல்லி, அறுவடையைக் கணக்கெடுக்க வேண்டும். மைத்துனர் இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“வெயிலுக்கை தோட்டத்திலை நிக்கிறதுக்கே நான் இவளைப் படிப்பிச்சனான்? நான் சேத்திலை நிண்டது காணாதோ?”

அவள் குரலை உயர்த்தாமற் பதில் சொன்னாள். “அப்பா, வேலைக்கு விண்ணப்பம் கோரினால் நானும் போடுவன். அதுமட்டும் சும்மா இருக்கமாட்டன். நாலு வருசம் படிச்சது தோட்டத்தைத்தானே?”

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் நடுவர் வேலை பார்க்கவில்லை. பின்னேரம் மைத்துனரும் நானும் வயற்பக்கம் நடந்தோம். கனநேரம் கழித்து, “இவள் அண்டைக்குப் பசளை இல்லாத நேரம் சொன்னவள், ஒண்டும் போடாமல் விதைக்காதேங்கோ எண்டு. நான் கேக்கேல்லை” என்றார். சம்மதம் என்று அவர் வாயாற் சொல்லவில்லை. ஆனால் மறுநாட் காலை அவளுடைய பழைய ஸ்கூட்டியைத் துடைத்து, காற்றுப் பார்த்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

விவசாயத்தை நம்பி வாழும் ஒரு மாவட்டத்தில், விவசாயப் பட்டதாரி வயலுக்குள் இறங்குவது இறக்கமாகத் தெரிகிறது. வன்னியின் இன்றைய நிலையை இதைவிடச் சுருக்கமாக என்னாற் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், எஞ்சிய ஐந்து வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஐந்து வீதத்திற் பங்குள்ள மாவட்டங்களில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள் போவதற்கு அந்தக் கணக்கு உதவுகிறது. வெளியே வந்த பிறகு எந்தக் கணக்கும் இல்லை. கறுத்த முகத்தோடு ஸ்கூட்டியில் வரும் பட்டதாரிக்கும், நியமனக் கடிதத்தோடு வரும் பட்டதாரிக்கும் ஒரே மாலையைப் போட ஊர் பழகவேண்டும். அதற்கு அரசாங்கம் தேவையில்லை. ஒப்பந்த வேலைக்கும் சேமலாப நிதியும் பாதுகாப்பும் உறுதியாகக் கிடைப்பதற்கு அரசாங்கம் தேவை. இரண்டும் நடக்காதவரை மைத்துனரைப் போன்ற தகப்பன்மாரின் பயத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்காவது சம்பளத்தில் மருமகள் தாயின் சங்கிலியை மீட்டுக் கொடுத்தாள். அதை எவரும் காணொளி எடுக்கவில்லை. பத்திரிகையில் விளம்பரமும் வரவில்லை. அடைவுச் சீட்டை மட்டும் தங்கை கிழித்தெறியாமல், பட்டமளிப்புப் படத்தின் சட்டத்துக்குப் பின்னாற் செருகி வைத்திருக்கிறாள்.