அவர்கள் வந்து சேரும் வரை

பேரன் பேத்திகளே, ஏப்ரல் 14 என்றால் நமக்கு வேப்பம்பூப் பச்சடி நினைவு வரும். தீயணைப்பு நிலையங்களில் அன்று மலர்வளையம் வைப்பார்கள். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றி வந்த கப்பல் அது. அணைக்கப் போன இடத்தில் கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள்.

கடமையில் உயிர் கொடுப்பவர்கள் தீயணைப்பு வீரர்கள் மட்டுமல்ல. 2018 மே மாதம் கேரளத்தில் நிபா வைரஸ் பரவியபோது, பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலியர் லினி, வந்திருப்பது என்ன நோய் என்று தெரியுமுன்பே நோயாளியைக் கவனித்தார். அதே நோய் அவரையும் கொண்டுபோயிற்று. அவருக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள் இரண்டு பேர்.

மாண்டவருக்கு நடுகல் நட்டுக் கும்பிட்ட மரபு நம்முடையது. வேலை முடிந்து உயிரோடு வீடு திரும்புகிறவர்கள் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டி ஓடுகிறது. ஓட்டுநரைப் ‘பைலட்’ என்பார்கள். பின்னால் இருக்கும் மருத்துவ உதவியாளர், ஓடுகிற வண்டியிலேயே பிரசவம் பார்ப்பார். இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டர், ஒரு வார்டு முழுக்கத் தூங்கும்போது ஒவ்வொரு கட்டிலாக டிரிப்ஸையும் மூச்சையும் பார்த்துவருவார். அவரிடம் குரல் உயர்த்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நோயாளிதான். அவருக்கு வார்டே நோயாளி.

இவர்களுக்குச் செய்யும் மரியாதை எது தெரியுமா? எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடங்கள் அவர்கள் கையில் இல்லை, பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன. அந்த நிமிடங்களை வீணாக்காமல் இருப்பதுதான் மரியாதை.

108-க்குப் பேசும்போது பதறாமல் ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பள்ளியையோ சொல்லுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி வண்டிக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். சாலையில் அடிபட்டவரைப் படம் பிடிக்காதீர்கள். ‘போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே’ என்ற பயமும் வேண்டாம். உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்ந்துவிட்டது. விருப்பமில்லாவிட்டால் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆகவே செலவை நினைத்தும் தயங்காதீர்கள்.

ஒருவர் சட்டென்று விழுந்து, நினைவும் சரியான மூச்சும் இல்லை என்றால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. படித்தால் மட்டும் இது கைக்கு வராது, பொம்மையை வைத்துப் பழக வேண்டும்.

மே 12 உலகச் செவிலியர் நாள். வாழ்த்து அனுப்புங்கள், நல்லதுதான். அதற்குள் இந்தப் பயிற்சிக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.