வழி சொல்லும் பெட்டி

விருத்தாசலத்திலிருந்து வெளியூருக்குச் சரக்கு அனுப்பியவர்களில் மிகவும் பிரசித்தி பெற்றவர் சுந்தரமூர்த்தி நாயனார். பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்துக்கொண்டார் என்பது கதை. போடுவதற்கு முன்னால் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டாராம். குளத்தில் எடுத்ததைப் பிள்ளையார் உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைவாக இருந்ததாம். பிறகு பாடித்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது. ஏற்றுகிற இடத்தில் சாம்பிள் எடுத்து வைப்பது, இறக்குகிற இடத்தில் தரத்தைப் பற்றித் தகராறு வருவது எல்லாம் அந்தக் கதையிலேயே இருக்கின்றன. பொன் எந்த வழியாகப் போயிற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த ஊரிலிருந்து போவது பொன் அல்ல, பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்று நடந்தால் அகல்விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் மின்சாரக் கம்பத்துக் குமிழும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். பீங்கான் தொழிலைக் கற்பிக்க அரசாங்கத்தின் பயிலகமும் ஊரிலே உண்டு. சூளையிலிருந்து வெளியே வந்த பிறகு அந்தப் பொருளுக்கு உள்ள ஒரே சத்துரு ரஸ்தாதான். சிமெண்டு மூட்டை குலுங்கினால் குற்றமில்லை. அகல்விளக்கு குலுங்கினால் ஓட்டாஞ்சல்லி.

என் நண்பர் ஒருவருக்கு அந்த ஊரில் இரண்டு லாரிகள் இருக்கின்றன. பெரிய முதலாளி அல்ல. ஒரு லாரிக்கு இன்னும் பாங்கில் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வண்டியை ஓட்டுகிறவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர். மற்றொன்றை ஓட்டுகிறவன் இருபத்தாறு வயதுப் பையன். கார்த்திகைக்கு முந்தின மாதம் பையன் அகல்விளக்கு லோடு ஏற்றிக்கொண்டு இரவில் கிளம்பினான். கைப்பேசி பதினொரு கிலோமீட்டர் மிச்சப்படும் என்று ஒரு கிராமத்து வழியைக் காட்டியது. மழை வேறு. திரும்பிப் போனால், ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை.

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகிறது. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் ரயில் பாதையைத் தாண்டாமல் முடியாது. முன்பெல்லாம் கேட் இருக்கும்; காத்திருந்து போகலாம். மின்சார ரயில் ஓடும் பாதையில் கேட்டுக்கு முன்னால் இரும்புத் தூண் நட்டு, 4.67 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி வைத்திருப்பார்கள். அதற்குள் அடங்குகிற வண்டி எல்லாம் போகும். பல இடங்களில் கேட்டை எடுத்துவிட்டுத் தாழ்வான சுரங்கப்பாதை கட்டியிருக்கிறார்கள். கார் போகலாம், டிராக்டர் போகலாம், மழை பெய்தால் மீன்கூடப் போகலாம். லோடு ஏற்றிய லாரி போக முடியாது.

பையன் அரைக் கிலோமீட்டர் தூரம் பின்னாலேயே வந்தான். கிளீனர் கிடையாது, ஒற்றை ஆள். பின் சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. மூன்றில் ஒரு பங்கு விளக்கு உடைந்தது. பார்ட்டி வாடகையில் கழித்துக்கொண்டார். நண்பர் பையன் சம்பளத்தில் கழிப்பதாகச் சொன்னார்.

“போன் சொல்லுச்சு, வந்தேன். ரோட்ட நானா தோண்டுனேன், முதலாளி?” என்றான் பையன்.

“போனுக்கா சம்பளம் குடுக்கறேன்?” என்றார் நண்பர்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன். புஸ்தகம் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நண்பருக்கு ஒரு பழைய நம்பிக்கை. லாரிக்கென்றே ஏதோ ஜி.பி.எஸ். பெட்டி விற்கிறார்களாமே, எது நல்லது என்று விசாரித்துச் சொல் என்றார். ஒரு வாரம் அதே வேலையாக இருந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். வானத்தில் உள்ள செயற்கைக்கோள் வழி சொல்வதே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, ‘இப்போது மணி இன்னது, நான் இருக்கும் இடம் இன்னது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாலு கோள்களின் குரல் வந்து சேர்கிற நேர வித்தியாசத்தை வைத்து, கீழே இருக்கும் கருவி தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகிவிடும். இந்தக் கோள்களில் முதலாவதை அமெரிக்கா 1978இல் அனுப்பியது. 2000 மே வரையில் ராணுவம் அல்லாதவர்களுக்குக் கிடைக்கும் கணக்கில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். கிளிண்டன் உத்தரவின் பேரில் அது நின்ற பிறகுதான், காரில் வைத்துக்கொள்ளும்படியாக இந்தச் சமாசாரம் உருப்பட்டது. நம்மவர்களும் 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் கோளை அனுப்பி, 2016இல் ‘நாவிக்’ என்று பெயர் சூட்டி, சொந்தமாக ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள்.

ஆனால் இடம் தெரிந்தால் போதுமா? வழி என்பது படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை எழுதியவர்கள் எதைக் குறித்தார்கள், எதைக் குறிக்காமல் விட்டார்கள் என்பதில்தான் லாரிக்காரனின் தலையெழுத்து இருக்கிறது. எல்லோர் கையிலும் உள்ள கூகுள் படத்தில் காருக்கு வழி உண்டு, நடக்கிறவனுக்கு உண்டு, ரயிலுக்கு உண்டு. 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே இரு சக்கர வண்டிக்கும் வழி சேர்த்தார்கள். ஸ்கூட்டருக்குக் கிடைத்த அந்த மரியாதை லாரிக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு அடி உயர வண்டியையும் அது கார் என்றே நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறது. தமிழில், மிகவும் பணிவாகக் கூப்பிடுகிறது. அதுதான் ஆபத்து.

படம் பழசாகிப் போனால் காருக்கும் கதி இல்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போன பாலத்தின் மேல் ஒரு கார் ஏறி ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கைப்பேசி காட்டிய வழியில் போனார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. பாலத்துக்குக் குறுக்கே ஒழுங்காகத் தடுப்பு வைத்திருந்தால் படம் என்ன சொன்னால் என்ன? அதைக் கேட்டவர்கள் குறைவு.

அமெரிக்காவில் லாரிக்கென்றே தனிப் பெட்டிகள் செய்கிறார்கள். கார்மின், ராண்ட் மெக்னலி போன்ற கம்பெனிகளின் சரக்கு. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை, அச்சுகள் எத்தனை, ஏற்றியிருப்பது தீப்பற்றும் பொருளா என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளும். பிறகு தாழ்ந்த பாலமும் பலமில்லாத பாலமும் இல்லாத வழியாகப் பார்த்துச் சொல்லும். அப்படியும் அந்த ஊரிலே முட்டிக்கொள்ளாதவர்கள் இல்லை. வட கரோலினாவில் டர்ஹம் என்ற நகரத்தில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. வருஷக் கணக்கில் லாரிகள் அதில் வந்து கூரையை உரித்துக்கொண்டு போயின. 2019இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் வந்து இடிக்கிறார்கள்.

அத்தகைய பெட்டி ஒன்றை வரவழைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். பெட்டி வரும், படம் வராதே! நம் ஊர் கிராமத்துச் சுரங்கப்பாதை எத்தனை அடி என்று யாராவது அளந்து அதற்குள் எழுதி வைத்திருந்தால் அல்லவா அது எச்சரிக்கும்? கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது வெள்ளி வாளி வாங்கி என்ன பிரயோஜனம்?

இதற்குள் கடைக்காரர் ஒருவர் வேறொரு ஜி.பி.எஸ். பெட்டியோடு வந்து சேர்ந்தார். லாரி ஆபீஸ்களில் ‘ஜி.பி.எஸ்.’ என்றால் அநேகமாக இதுதான் அர்த்தம். இது டிரைவருக்கு வழி சொல்லாது. டிரைவர் எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்குச் சொல்லும். எந்தச் சாயாக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றார், இன்ஜினை அணைத்தாரா, எவ்வளவு வேகம் போனார் எல்லாம் முதலாளியின் கைப்பேசியில் வந்து விழும். விலையும் கொஞ்சம்தான். நண்பரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

அதுவரையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெரிய டிரைவர், “வச்சுக்குங்க முதலாளி. ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ராத்திரி இந்தப் பொட்டி இருந்திருந்தா தம்பிக்கு என்ன சொல்லியிருக்கும்?” என்றார்.

“அவன் எங்க மாட்டிக்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“ஒடஞ்சது ஒடஞ்சதுதானே? சரி, நம்ம வண்டி தார்ப்பாயோட எத்தனை அடி ஒசரம்? சொல்லுங்க பாப்பம்.”

நண்பருக்குத் தெரியவில்லை. பையனுக்கும் தெரியவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். பத்து வருஷமாக ஓடும் வண்டி! பெரியவர் வெளியே போய் ஒரு மூங்கில் கழியை நட்டு, லோடோடு நின்ற வண்டியை அளந்தார். 12 அடி 2 அங்குலம். அதைக் கேபினுக்குள், டிரைவர் கண்ணுக்கு நேராக, வெள்ளைப் பெயிண்டில் எழுதச் சொன்னார். செலவு இல்லாத யந்திரம்.

அவருக்கு ஜி.பி.எஸ். பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். புது ஊரில் குடோனைத் தேடுவதற்கு அதைப் போல உதவி இல்லை என்று அவரே சொன்னார். ஆனால் அவர் வழக்கம் வேறு. கிளம்புவதற்கு முன்னால் வண்டி நிற்கும்போதே வழி முழுவதையும் விரலால் தள்ளிப் பார்த்துக்கொள்வார். தண்டவாளம் குறுக்கிடும் இடங்களை எண்ணிக்கொள்வார். தெரியாத இடமானால் எதிரில் வரும் லாரிக்காரனை நிறுத்திக் கேட்பார். பஸ் போகிற வழியா என்று கேட்பார். பஸ் போனால் லாரி போகும் என்பது அவர் சாஸ்திரம். சட்டமும் ஓரளவு அவர் பக்கம்தான். 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, ஓட்டும்போது கைப்பேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் உபயோகிக்கலாம்.

நான் சொன்ன யோசனை சிறியது. தனிப் பெட்டி வேண்டாம். கண்ணாடிக்கு ஓரமாக, ரஸ்தாவை மறைக்காமல் பொருத்துகிற ஒரு நல்ல தாங்கி. லாரியில் மின்சாரம் 24 வோல்ட்; கார்க் கடைகளில் 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்து விற்கும் சார்ஜரை மாட்டினால் கருகிப்போகும். ஆகவே இரண்டுக்கும் தாங்குகிற சார்ஜர். சிக்னல் இல்லாத இடத்துக்காக, ஊரிலிருந்தே இறக்கி வைத்துக்கொண்ட படம். போகிற இடம் எல்லாவற்றிலும் லாரி நுழையாத சுரங்கப்பாதையை டிரைவர்களே குறித்து வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. இதற்கு ஒரு வாரமா என்று நண்பர் முகத்தைச் சுளித்தார். வேவு பார்க்கும் பெட்டியையும் வாங்கத்தான் செய்தார்.

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். முதலாளி பார்ப்பதை டிரைவரும் தன் கைப்பேசியில் பார்க்க வேண்டும். நண்பர் யோசித்துவிட்டு, சரி என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்பது அடுத்த மாதம்தான் புரிந்தது. கோயமுத்தூரில் ஒரு பார்ட்டி, சரக்கை இறக்காமல் லாரியைக் குடோன் வாசலிலேயே முப்பத்தொரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, ‘வண்டி மறுநாள்தான் வந்தது’ என்று சாதித்தார். ஹால்டிங் காசு கொடுக்கக்கூடாது என்பதற்காக. வழக்கமாக அந்த நஷ்டம் டிரைவர் பேட்டாவோடு போய்விடும். இந்தத் தடவை பையன் கைப்பேசியை எடுத்து நீட்டினான். லாரி அந்த வாசலில் எத்தனை மணிக்கு வந்து நின்றது, எத்தனை மணி வரையில் அசையவில்லை என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. பார்ட்டி கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் பணத்தை எண்ணினார்.

உடைந்த விளக்குக்காகப் பையன் சம்பளத்தில் நாலு மாதம் பிடிப்பது என்று பேசியிருந்தார்கள். இரண்டாம் மாதத்தோடு பிடித்தம் நின்றுவிட்டதாகப் பெரியவர் சொன்னார். நண்பரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். லோடு ஏற்ற ஆள் வந்துவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.