பூசணிக்காய்ச் சூப்பும் ஒரு விடுதலை நாளும்

ஜனவரி முதலாம் திகதி காலையில் ஹெயிட்டி நாட்டில் அநேகமாக எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே சாப்பாடுதான். பூசணிக்காயும் இறைச்சியும் கிழங்குகளும் போட்டுக் காய்ச்சிய தடித்த மஞ்சள் நிறச் சூப். அதன் பெயர் சூப் ஜுமு. ஜுமு என்றால் அவர்களுடைய கிரியோல் மொழியில் பூசணி. எங்களுக்குக் கூழ் எப்படியோ அப்படித்தான் இதுவும். பெரிய பானையில் காய்ச்சி, பலர் கூடியிருந்து குடிப்பது. ஆனால் அவர்களுக்கு இது புதுவருடச் சாப்பாடு மட்டுமல்ல, சுதந்திர தினச் சாப்பாடும்கூட.

ஹெயிட்டி கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி. பிரெஞ்சுக்காரர் அதனைச் சென் தொமிங் என்ற பெயரில் ஆண்டார்கள். 1789 அளவில் அங்கு ஏறக்குறைய 5 இலட்சம் ஆபிரிக்க அடிமைகள் இருந்தார்கள். கரும்புத் தோட்டமும் கோப்பித் தோட்டமும் அவர்களது உழைப்பில்தான் நடந்தன. பிரான்சின் குடியேற்ற நாடுகளில் அதிக செல்வம் தந்தது அதுதான்.

பூசணியைப் பயிரிட்டவர்கள் அடிமைகள். அதை வெட்டி, அவித்து, மசித்து எசமானின் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் அடிமைப் பெண்கள். அந்தச் சூப்பை அவர்கள் குடிக்க முடியாது. அது வெள்ளைக்காரருக்கு உரியது என்பதுதான் ஹெயிட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நான் சமூகவியல் படித்த காலத்தில் அடிமை வியாபாரம் பற்றி நிறைய வாசித்தேன். எத்தனை கப்பல், எத்தனை பேர் என்ற கணக்குகள்தான் அதிகம். குசினிக்குள் நின்றவள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு பக்கமாவது இருந்ததாக ஞாபகம் இல்லை.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பன்னிரண்டு வருடப் போர். தலைவராக இருந்த தூசான் லூவெர்த்தூரைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் வைக்க, அவர் 1803 இல் அங்கேயே இறந்தார். அவருக்குப் பின் ஜான் ஜாக் தெசலின் படையை நடத்தி நெப்போலியன் அனுப்பிய சேனையைத் தோற்கடித்தார். 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களே போராடி அமைத்த நாடு அது. அன்று எல்லோரும் அந்த விலக்கப்பட்ட சூப்பைக் காய்ச்சிக் குடித்தார்கள் என்பது மரபு.

எல்லோருக்கும் சூப் கொடுக்கச் சொன்னவர் தெசலினின் மனைவி மாரி கிளேர் எரூஸ் என்று சொல்வார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்கு முன்னர், 1799 பிற்பகுதியில், அந்த மக்களுக்குள்ளேயே இரு தரப்புகளாகப் பிரிந்து போர் நடந்தது. தெசலினின் படை ஜக்மெல் என்ற துறைமுகப் பட்டினத்தை மாதக் கணக்காக முற்றுகையிட்டது. உள்ளே இருந்த சனம் பட்டினியால் வாடியது. மாரி கிளேர் முற்றுகை இட்டவர்களின் பக்கத்துப் பெண். அப்படியிருந்தும் அவர் தெசலினிடம் மன்றாடி வழி திறக்கச் செய்தார். பெண்களைக் கூட்டிக்கொண்டு, உணவும் உடுப்பும் மருந்தும் ஏற்றி, அந்தப் பட்டினத்துக்குள் போனார். தெருவிலே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. வரலாற்றுப் புத்தகங்களில் அவரது கணவருக்குப் பல அத்தியாயங்கள், அவருக்குச் சில வரிகள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சுதந்திரம் கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. 1825 இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங் நட்டஈடு கேட்டது. அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எசமான்மாருக்கு ஈடாம்! 1838 இல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்குக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி என்று அது 1947 வரை இழுபட்டது. இதை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, கணவனையும் ஒரு மகனையும் போரில் இழந்த ஒரு தாய் என்னை இடைமறித்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறீர்? அடிமையா வைச்சிருந்தவனுக்கே இவையள் காசு கட்டினவையோ?"

"ஓம் அம்மா, இவையள்தான் கட்டினவை."

"கட்டிக்கொண்டும் ஒவ்வொரு வருசமும் சூப் காய்ச்சினவையோ?"

ஓம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடிக் காய்ச்சிறது எண்டு சொல்லும்" என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வேலை முதல்நாள் இரவே தொடங்கும். ஒரு கிலோ மாட்டிறைச்சியைத் தேசிக்காய்ப் புளியில் கழுவ வேண்டும். உள்ளி, வெங்காயத்தாள், பார்ஸ்லி, தைம் இலை, மிளகாய் ஆகியவற்றை உரலில் இடித்த கூட்டுக்கு அவர்கள் எப்பிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை உப்போடு இறைச்சியில் பிரட்டி விடியும்வரை ஊறவிட வேண்டும். மாட்டிறைச்சி சேர்க்காதவர்கள் கோழி போடலாம், நானும் கோழிதான் போட்டேன். மரக்கறி மட்டும் போட்டுக் காய்ச்சுபவர்கள் ஹெயிட்டியிலும் உண்டு. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லி இலை போடுங்கள். வாசம் வேறுதான், ஆனால் மோசமில்லை.

காலையில் இறைச்சியை நன்றாக அவிய விட்டு, ஒரு கிலோ பூசணியைத் தனியே அவித்து மசித்து அதற்குள் கரைக்க வேண்டும். பிறகு உருளைக்கிழங்கு, கரட், கோவா, லீக்ஸ், செல்டறி, இரண்டு மூன்று கராம்பு. கடைசியாக ஒரு கைப்பிடி மக்கரோனி, ஒரு கரண்டி பட்டர். நல்ல உறைப்பான மிளகாய் ஒன்றைக் காம்போடு முழுதாக மேலே மிதக்க விடுவார்கள். வாசம் இறங்க வேண்டும், மிளகாய் உடையக் கூடாது. உடைந்தால் சின்னப் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். இறக்க முன்னர் அதை மெதுவாக அகப்பையால் எடுத்துவிட வேண்டும். பாணுடன் சாப்பிடலாம். எங்கள் பூசணியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இனம்தான் என்பதால் ருசி பெரிதாக மாறாது.

2021 டிசம்பர் 16 அன்று யுனெஸ்கோ இந்தச் சூப்பை மனித குலத்தின் அருவக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஹெயிட்டிக்குக் கிடைத்த முதல் இடம் இது. அந்த வருடம் ஜூலையில் அவர்களுடைய ஜனாதிபதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் பூமி நடுங்கி இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த ஜனவரியிலும் பானை ஏறியது.

சூப் தயாரிப்பில் குடும்பம் முழுவதும் சேர்கிறது. பிள்ளைகள் மரக்கறி துப்புரவாக்குகிறார்கள், ஆண்களும் உதவுகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்து நடத்துவது பெண்கள். இரவிரவாக விழித்திருப்பவள் யாரென்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பானையை இறக்கியதும் அவள் முதலில் செய்வது அயலுக்குக் கோப்பை அனுப்புவது. போன கோப்பை வெறுமையாகத் திரும்பாது, அந்த வீட்டுச் சூப்போடு வரும். எந்த வீட்டுச் சூப்பில் இந்த வருடம் உப்புக் கூடிப்போனது என்ற கதை மத்தியானம்வரை நடக்கும்.